விசுவாசம் இருக்கிறது, சபை எதற்கு?

8 ஜனவரி, ஒரு வாசகரின் கேள்வி

எனக்கு இயேசுவில் விசுவாசம் இருக்கிறது. தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை, இனிச் சேரும் எண்ணமும் இல்லை. சபைக்குப் போகாதவன் கிறிஸ்தவனே இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசு கிடைத்ததே, அவன் எந்தச் சபையில் பெயர் கொடுத்திருந்தான்? விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

9 ஜனவரி

கள்ளனை முதலில் விட்டுவிடுவோம். அவனுக்கு அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

வீட்டில் சொல்வதை நான் ஏற்கவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவரைக் கிறிஸ்தவர் இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானம் பெற்றுச் சந்தோஷமாகத் தன் வழியே போனான். போன இடத்தில் அவனுக்கு ஒரு சபை இருந்ததா என்று லூக்கா எழுதவில்லை.

ஆனால் 'இனிச் சேரும் எண்ணமும் இல்லை' என்கிறீர்களே, அதைப் பற்றிப் பேசலாம். நானும் சில வருடங்கள் அப்படி இருந்தவன்தான். யாரும் துரத்தவில்லை, விசுவாசமும் போய்விடவில்லை. நிர்வாகத் தேர்தல் சண்டை ஒன்றில் வெறுத்துப்போய் நானாகவே நின்றுவிட்டேன். அப்புறம் திரும்பிப் போனேன், வேறொரு சபைக்கு. ஏன் போனேன் என்பது ஒரே மூச்சில் சொல்ல வராது. விட்டு விட்டு எழுதுகிறேன்.

10 ஜனவரி

எதிர்பார்த்தபடியே ஒருவர் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானை இழுத்து வந்துவிட்டார். திருச்சபையைத் தாயாகக் கொள்ளாதவனுக்குக் கடவுள் தகப்பனாக இருக்க முடியாது என்று அவர் எழுதியது உண்மைதான். எப்போது, யாரைப் பார்த்து எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

250இல் ரோமப் பேரரசர் தேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலி செலுத்தினார்கள். சிலர் பலி செலுத்தாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா, சேர்த்தால் எப்படி என்று சண்டை வந்தது. சேர்க்கவே கூடாது என்று ரோமில் நோவாசியன் தனிச் சபை கண்டார். எளிதாகச் சேர்த்துவிடலாம் என்று கார்த்தேஜில் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கார்த்தேஜ் ஆயர் 251இல் எழுதிய வாக்கியம் அது. போட்டிச் சபை தொடங்கியவர்களுக்கு எதிராக எழுதியது. ஞாயிறு காலையில் வீட்டில் தனியாக வேதம் வாசிப்பவர் அவர் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தவாதி கால்வின் ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையைவிட்டு வெளியே வந்தவர். அவரும் அந்தத் தாய் என்ற பேச்சைக் கைவிடவில்லை, இன்னும் அழுத்தியே சொன்னார். வெளியேறியவர்களே விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்றை நாம் சும்மா உதறிவிட முடியாது.

10 ஜனவரி, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. சபையில் இருப்பதாலேயே காப்பாற்றப்பட்டுவிடுவோம் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையே 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், இதை வெளிப்படையாக எழுதி வைத்தது. அன்பில் நிலைத்திராதவன் உடலால் உள்ளே இருந்தாலும் உள்ளத்தால் வெளியேதான் இருக்கிறான், அவனுக்கு மீட்பு இல்லை என்று. வீட்டில் உங்களைக் குற்றம் சொல்பவர்களுக்கு இதையும் வாசித்துக் காட்டுங்கள். சண்டை வந்தால் நான் பொறுப்பில்லை.

12 ஜனவரி

'இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்' என்ற வசனத்தை நேற்று நாலு பேர் எழுதிவிட்டார்கள். இரண்டு, மூன்று. ஒன்று என்று இல்லை.

அதோடு அந்த வசனம் மத்தேயு 18இல் எங்கே வருகிறது என்று மேலே பார்த்தீர்களா? உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறமும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். இப்படிப் பஞ்சாயத்துக்கு நடுவில் வருகிற வசனம் அது. அமைதியாக நாலு நண்பர்கள் கூடி ஜெபிப்பதற்குப் பொருத்துவதில் தப்பில்லை. ஆனால் அது முதலில் சண்டை போட்டவர்களுக்குச் சொன்னது.

13 ஜனவரி

தனியாக இருந்த வருடங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. அறிவிப்புகள் இல்லை, காணிக்கைப் பட்டியல் இல்லை, அரை மணி நேரப் பிரசங்கத்தை ஒன்றரை மணி நேரம் இழுப்பவர் இல்லை. அதிகாலையில் எழுந்து நிதானமாக ஜெபித்தேன். சபையில் இருந்தபோது ஜெபித்ததைவிட அதிகமாக.

பிறகு என்ன நடந்தது என்றால், என் வேதாகமத்தைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். ஓரத்தில் பொன் பூசிய தாள் கொண்ட பதிப்பு அது. சங்கீதப் புத்தகத்தில் பொன்னெல்லாம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. ரோமர் எட்டாம் அதிகாரத்தில் தாளே கொஞ்சம் கருத்திருந்தது. ஆமோஸில் புரட்டினால் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. ஏழையைக் காலில் மிதிக்கிறவர்களைப் பற்றிய புத்தகம் அது. எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடியே வைத்திருக்கிறேன். யாரும் 'இன்றைக்குரிய பாடம் இது' என்று என் கையில் கொடுக்கவில்லை, அதனால் நான் திறக்கவில்லை.

ஜெபமும் அப்படித்தான் ஆயிற்று. நான் கோபப்பட்டவர்கள் மேல் கடவுளும் கோபமாகவே இருந்தார். நான் மன்னிக்கத் தயாராகாதவர்களை அவரும் மன்னிக்கவில்லை. என்னோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற கடவுள்! அது எனக்கு ரொம்ப நாள் சந்தேகமாகவே படவில்லை.

14 ஜனவரி

'அது உங்கள் சோம்பல், தனிமையின் குற்றம் இல்லை. நான் ஆமோஸையும் வாசிக்கிறேன்' என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். சரி, நியாயம். வரிசையாக ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். வாசிப்பை வைத்து மட்டும் நான் வாதாட முடியாது.

ஆனால் வாசித்ததைச் செய்வதற்கு எதிரே ஆள் வேண்டுமே. பவுலின் கடிதங்களில் 'ஒருவரையொருவர்' என்று வருகிற கட்டளைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒருவரையொருவர் தாங்குங்கள், ஒருவருக்கொருவர் மன்னியுங்கள், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்துகொள்ளுங்கள். யாக்கோபு இன்னும் ஒரு படி போய், உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார். இதில் எதைத் தனியாகச் செய்வீர்கள்?

இந்தக் கேள்வி பழையது. நாலாம் நூற்றாண்டில் பேசில் என்ற ஆயர், தனியே துறவு வாழ விரும்புவோரிடம் கேட்டார்: நீ யாருடைய கால்களைக் கழுவுவாய்? தனியாக இருந்தால் யாருக்குப் பின்னால் கடைசியாக நிற்பாய்? இதற்கு இதுவரை யாரும் நல்ல பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

14 ஜனவரி, கொஞ்சம் கழித்து

உடனே வனாந்தரத் துறவிகளைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். எகிப்தின் பாலைவனத்தில் தனித்தனிக் குடிலில் இருந்த துறவிகள் வாரம் முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள். ஆனால் சனி, ஞாயிறுகளில் கோவிலில் கூடித் திருவிருந்தில் பங்கெடுத்துச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். வராத ஆளுக்கு உடம்பு சரியில்லையோ என்று யாராவது தேடிப் போவார்கள். உலகத்திலேயே தனிமையை அதிகம் விரும்பியவர்கள் வைத்திருந்த ஏற்பாடு இது. அந்தோனியாரைப் போல வருடக்கணக்கில் முழுத் தனிமையில் கிடந்தவர்களும் உண்டு. அது அபூர்வம், அவரே கடைசியில் சீடர்கள் சூழத்தான் வாழ்ந்தார்.

17 ஜனவரி

நேற்று ஒரு பெண் எழுதியதை எல்லோரும் வாசித்திருப்பீர்கள். போதகர் தன்னை எப்படி நடத்தினார், அதை வெளியே சொன்னதும் சபை யார் பக்கம் நின்றது என்று. அதற்குக் கீழேயே ஒருவர் எபிரெயர் 10:25 எழுதியிருக்கிறார், 'சபை கூடிவருதலை விட்டுவிடாமல்' என்று. எனக்கு வந்த கோபத்தில் எழுதியதை இரண்டு தடவை அழித்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தை ஏன் யாரும் சொல்வதில்லை? அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிக்க வேண்டும் என்கிறது 24. அதைச் செய்வதற்காகவே 25இல் கூடிவருதல். கவனிக்காமல் காயப்படுத்துகிற கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதை அந்த வசனம் குற்றம் சொல்லவே இல்லை.

புதிய ஏற்பாட்டிலேயே இதற்கு ஆள் இருக்கிறார். யோவானின் மூன்றாம் கடிதத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். சபையில் முதன்மையாயிருக்க விரும்புகிறவர். வருகிற சகோதரரை ஏற்பதில்லை, ஏற்கிறவர்களையும் சபைக்குப் புறம்பாக்குகிறார். யோவான் யார் பக்கம்? வெளியே தள்ளப்பட்டவர்கள் பக்கம். 'சபைக் கட்டுப்பாட்டுக்கு அடங்குங்கள்' என்று அவர்களுக்கு எழுதவில்லை.

யோவான் 9ஐயும் பாருங்கள். பிறவிக் குருடனாயிருந்தவனைப் புறம்பே தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு இயேசு அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். திரும்ப உள்ளே போய்ச் சேர்ந்துகொள் என்று சொல்லவில்லை.

அதனால் அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். நடந்தது குற்றமென்றால் காவல்துறையிடம் போங்கள், மூப்பர் குழுவிடம் முடித்துக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். வேறு சபை தேடுவதா வேண்டாமா என்பதை உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது யோசித்தால் போதும். மேலே நான் எழுதியது எல்லாம் என்னைப் போல மனக்கசப்பில் நின்றுவிட்டவர்களுக்கு. உங்களுக்கு அதைப் பொருத்தாதீர்கள்.

18 ஜனவரி

இயேசுவே சபைக்குப் போனார் என்று ஒருவர். ஆமாம், லூக்கா 4இல் 'தம்முடைய வழக்கத்தின்படியே' ஜெபஆலயத்துக்குப் போனார். பிரசங்கம் முடிந்ததும் கேட்டவர்கள் அவரை மலைச் செங்குத்திலிருந்து தள்ளப் பார்த்தார்கள். நம் பிரசங்கிமார் யாருக்கும் இதுவரை இந்த அளவு எதிர்வினை வந்ததில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே அதிகாரத்தில் அடுத்து அவரைக் கப்பர்நகூமில் பார்க்கிறோம். ஓய்வுநாளில், மறுபடி ஜெபஆலயத்தில்.

20 ஜனவரி

நான் திரும்பிப் போனதைப் பற்றி. பெரிய வெளிச்சமெல்லாம் ஒன்றும் அடிக்கவில்லை. உறவினர் ஒருவரின் ஞானஸ்நானத்துக்குப் போனேன், பாடல் பிடித்திருந்தது, அடுத்த வாரமும் போனேன். கடைசி வரிசை. ஆராதனை முடிந்து யாரும் கை கொடுக்க வருவதற்கு முன் வாசலுக்கு வந்துவிடுவேன்.

சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது, பழைய சபையில் தேர்தலில் எனக்கு எதிர் அணியில் நின்றவரும் அங்கே மாறி வந்திருக்கிறார். மூப்பராகவே ஆகிவிட்டார். ஒரு ஞாயிறு திருவிருந்து. முழங்காலில் நிற்கிறேன், வரிசையில் பாத்திரம் நகர்ந்து வருகிறது, நிமிர்ந்து பார்த்தால் பாத்திரத்தைப் பிடித்திருப்பது அவர். எழுந்து போகவும் முடியாது, இரண்டு பக்கமும் ஆட்கள். பாத்திரத்தின் அடியை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு குடித்தேன். 'உமக்காகச் சிந்தப்பட்ட' என்று சொல்லும்போது அவர் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. கணக்கு அறிக்கை வாசிக்கும் நாளில் இன்றும் முறைத்துக்கொள்வோம். ஆனால் தனியாக ஜெபித்த வருடங்களில் அவர் எனக்கு வெறும் பெயர். இப்போது அவருக்கு முழங்கால் வலி இருப்பது தெரியும், மகளுக்கு வேலை கிடைக்கவில்லை என்பது தெரியும். ஜெபக் குறிப்பில் வாசித்தார்கள். அவர் மேல் நிம்மதியாகக் கோபப்பட முடியவில்லை.

21 ஜனவரி

'தகுதியில்லாத கையிலிருந்து வாங்கினால் அது திருவிருந்தா?' என்று கேட்டவருக்கு: இந்தக் கேள்வியில் வட ஆப்பிரிக்கத் திருச்சபை நூறு வருடத்துக்கு மேல் இரண்டாகக் கிடந்தது. 303இல் தொடங்கிய தியோக்கிளேசியன் காலத்துக் கொடுமையில் வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஆயர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் கை வைத்து ஏற்படுத்திய ஆயர் ஆயரே இல்லை, அவர் கொடுக்கும் ஞானஸ்நானம் ஞானஸ்நானமே இல்லை என்று தோனாத்தியர்கள் தனியே போனார்கள். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துதான், ஆயரின் யோக்கியதையில் அது தொங்கவில்லை என்பது ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் சொன்ன பதில். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் நூற்றுக்கணக்கில் கூடி வாதாடி, அரசு அதிகாரி தீர்ப்புச் சொன்னார்.

அகுஸ்தீன் சொன்ன பதில் எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தப் பதிலை அரசாங்கத்தின் கையால் மற்றவர்கள் மேல் திணிக்க அவர் ஒப்புக்கொண்டது சரியாகப் படவில்லை.

இதை 17ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்து வாசியுங்கள். மோசமான போதகர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லும் என்பதால் மோசமான போதகரைப் பதவியில் வைத்திருக்கலாம் என்று ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நிறையப் பேர்.

24 ஜனவரி

டென்மார்க் தத்துவஞானி கீர்க்ககார்டைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். சரியாகவே சொல்லியிருக்கிறார். டென்மார்க்கில் பிறந்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்றால் கிறிஸ்தவர் என்பதற்கே அர்த்தமில்லை என்று கடைசி ஒரு வருடம் அரசுத் திருச்சபையை வெளுத்து வாங்கினார். 1855இல் மரணப் படுக்கையில், அரசு ஊழியரான போதகர் கையிலிருந்து திருவிருந்து வாங்க மாட்டேன், சாதாரண விசுவாசி கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றார். வாங்காமலே இறந்தார். திருச்சபை என்ன செய்தது தெரியுமா? முறைப்படி சடங்கு செய்து அடக்கம் பண்ணிவிட்டது. கல்லறையில் அவருடைய சகோதரியின் மகன் எழுந்து கத்தினான், வீண்.

ஒன்றைக் கவனியுங்கள். திருவிருந்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இன்னொருவர் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்றார். அந்த இன்னொருவர் அவருக்கும் வேண்டியிருந்தது.

பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்ல் இன்னும் கடினமான ஆள். கிறிஸ்துவை முழு மனதோடு நம்பினார், திருப்பலிக்குப் போய்க்கொண்டிருந்தார், ஞானஸ்நானத்துக்கு மட்டும் ஒப்பவில்லை. திருச்சபை என்ற சமூக அமைப்பு தன்னைக் கவர்ந்துவிடும் என்றே பயந்தார். 'நாம்' என்று சொல்வதில் கிடைக்கிற சுகம் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. வெளியே நிற்கிற எல்லாரோடும் தானும் நிற்க வேண்டும் என்று 1942இல் தொமினிக்கன் குரு ஒருவருக்கு எழுதினார். அடுத்த ஆண்டே, 34 வயதில் இறந்துபோனார்.

இவருக்கு என்னிடம் பதில் இல்லை. பேசிலின் கேள்வியை இவரிடம் கேட்டால் அவர் தொழிற்சாலையில் வேலை செய்ததைக் காட்டுவார். நமக்கு அப்படிக் காட்ட ஏதாவது இருக்கிறதா? 'சிமோன் வெய்லும் சேரவில்லை' என்று சொல்லிவிட்டு ஞாயிறு காலை தூங்குகிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

25 ஜனவரி

இல்லை, கேலி செய்யவில்லை. ஞாயிறு தூக்கமும் கர்த்தர் கொடுத்ததுதான்.

29 ஜனவரி

'குருவும் கோவிலும் இல்லாமல் ஜப்பானியர் 250 வருடம் விசுவாசத்தைக் காத்தார்களே, அது போதாதா?' நல்ல கேள்வி. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

1614இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. 1644இல் கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். அதன் பிறகு ஆயர் இல்லை, திருப்பலி இல்லை, அச்சடித்த வேதம் இல்லை. 1865 மார்ச்சில் நாகசாகியில் பிரெஞ்சுக் குரு பெத்தீஜான் புதிதாகக் கட்டிய கோவிலுக்குள் உராகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். ஒரு பெண் அருகே வந்து, எங்கள் எல்லாருடைய இருதயமும் உம்முடைய இருதயமே என்றாள். மரியாளின் சொரூபம் எங்கே என்று கேட்டாள்.

சரி, இடைப்பட்ட இத்தனை தலைமுறையும் இது எப்படி நின்றது? ஒவ்வொருவரும் தன் மனதுக்குள் வைத்துக் காத்ததாலா? அப்படி இருந்திருந்தால் முதல் தலைமுறையோடு முடிந்திருக்கும். ஊருக்கு ஊர் பொறுப்புகள் பிரித்து வைத்திருந்தார்கள். பண்டிகை நாட்களையும் உபவாச நாட்களையும் கணக்கிட ஒருவர், ஞானஸ்நானம் கொடுக்க ஒருவர், வீடு வீடாகச் செய்தி சொல்ல ஒருவர். ஜெபங்களை வாய்மொழியாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கட்டடமும் குருவும் போனார்கள், சபை போகவில்லை. பிடிபட்டால் உயிர் போகும் என்ற நிலையில் இந்தப் பொறுப்பை ஏற்றவர்கள் அவர்கள்.

குருக்கள் திரும்பி வந்த பின்பும் ரோமோடு சேராமல் தங்கள் முன்னோர் வழியிலேயே நின்ற குழுக்களும் உண்டு. அவர்களும் தனித்தனியாக நிற்கவில்லை, குழுவாகவே நின்றார்கள்.

30 ஜனவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் சபை என்பதற்குக் கட்டடம், சம்பளப் போதகர், பதிவு எண், வங்கிக் கணக்கு எதுவும் தேவையில்லைதானே என்று கேட்கிறார்கள். தேவையில்லை. குவேக்கர்களைப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போதகரை நீக்கினார்கள், ஞானஸ்நானத்தை நீக்கினார்கள், அப்பத்தையும் திராட்சரசத்தையும் நீக்கினார்கள். கூட்டத்தை மட்டும் நீக்கவில்லை. சத்தமில்லாமல் சேர்ந்து உட்கார்ந்தார்கள், மாதக் கூட்டம் போட்டுக் குறிப்பெழுதினார்கள். எல்லாவற்றையும் களைந்தவர்கள் களையாமல் விட்டது அது ஒன்றுதான்.

கூட்டம் எனக்கு ஒத்துவராது, நாலு பேர் முன் பேச வராது என்று எழுதியவருக்கு இது ஒரு வழி. வாயே திறக்க வேண்டாம்.

3 பிப்ரவரி

தலைகீழான கேஸையும் பேசுவோம். சபை உண்டு, விசுவாசம் இல்லை. இது நம் கேள்வியைவிடப் பெரிய கூட்டம். டென்மார்க்கில் இன்றும் பத்துப் பேரில் ஏழு பேர் தேசியத் திருச்சபையின் உறுப்பினர்கள், ஞாயிறு ஆராதனையில் அவர்களைத் தேட வேண்டும். பிரிட்டனைப் பற்றி 1994இல் சமூகவியலாளர் கிரேஸ் டேவி சொன்னது இதற்கு நேர் எதிர்: நம்புகிறார்கள், சேர்வதில்லை.

ஜெர்மனியில் இது வரி விவகாரமாகவே ஆகிவிட்டது. பதிவான உறுப்பினர்களிடம் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைச் சபை வரியாக அரசே பிடித்துக் கொடுக்கிறது. வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் போய் வெளியேறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் 2007இல், வரி வாங்குகிற சட்ட அமைப்பிலிருந்து மட்டும் வெளியேறுகிறேன், விசுவாச சமூகத்திலிருந்து இல்லை என்றார். வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போயிற்று. 2012இல் கத்தோலிக்க ஆயர்கள் பேரவை தன் நிலையைச் சொல்லிவிட்டது: அப்படி வெளியேறியவருக்கு நற்கருணை கிடையாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது.

ஆயர்களின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, பாரத்தைச் சுமக்காமல் பந்தியில் மட்டும் உட்காரக் கூடாது. ஆனால் வரி கட்டிவிட்டு வருடம் முழுவதும் வராதவருக்கு இந்தக் கேள்வியே இல்லையே! இந்த அளவுகோலைப் பவுலிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

6 பிப்ரவரி

காணொளி ஆராதனை. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கும், வெளியே வர முடியாதவர்களுக்கும், சபையே இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. அதில் வாதம் இல்லை.

மற்றவர்களைக் கேட்கிறேன்: நீங்கள் ஒரு ஞாயிறு பார்க்காவிட்டால் யாருக்காவது தெரியுமா? பார்த்தவர்கள் எண்ணிக்கையில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

சபைக்கும் இதே கேள்விதான். நான் பழைய சபையைவிட்டு நின்றபோது முதலில் வந்த கடிதம் சந்தா பாக்கி பற்றியது. ஆளைத் தேடி யாரும் வரவில்லை. கட்டடமும் பாடகர் குழுவும் பதிவேடும் இருந்த இடம் அது. வராதவனைத் தேடாத சபைக்கும் திரைக்கும் வித்தியாசம் ஒன்றும் பெரிதாக இல்லை.

7 பிப்ரவரி

ஆக, என் நிலை என்னவென்று கேட்பவர்களுக்கு. நான் நேரில் போவதையோ பதிவேட்டில் பெயர் கொடுப்பதையோ சொல்லவில்லை. நான் தேர்ந்தெடுக்காத நாலு பேர் என்னைக் கேள்வி கேட்கவும், நான் வராவிட்டால் தேடவும், அவர்களை நான் தேடவும் கட்டுப்பட்டிருப்பது. அதைத்தான் சபையில் இருப்பது என்கிறேன். 'தேர்ந்தெடுக்காத' என்பதில் அழுத்தம். ஒத்த கருத்துள்ள நண்பர்கள் கூடி வேதம் வாசிப்பது நல்லது, நானும் செய்கிறேன், ஆனால் அதில் எனக்குப் பாத்திரம் நீட்டுகிற அந்த மூப்பர் இல்லை.

11 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஒரு சபையைப் போய்ப் பார்க்கிறேன், எதைப் பார்ப்பது என்கிறார்.

பிரசங்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், முதல் நாள் எல்லோரும் நன்றாகவே பேசுவார்கள். விட்டுப்போனவர்களைப் பற்றி அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுங்கள். 'பின்மாற்றக்காரர்', 'பிசாசு பிடித்துக்கொண்டது' என்றால் நீங்களும் ஒரு நாள் அந்தப் பட்டியலில் வருவீர்கள். வரவு செலவுக் கணக்கை உறுப்பினர் முன் வாசிக்கிறார்களா, கேள்வி கேட்டவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். போதகர் தவறு செய்தால் அவரை யார் விசாரிக்க முடியும் என்று நேரடியாகவே கேளுங்கள். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

உறுப்பினராக அவசரப்பட வேண்டாம். ஆறேழு மாதம் சும்மா போய் வாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாமல் நாற்காலி அடுக்குகிறவர்களோடு கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் தெரிவது ஒரு மணி நேர ஆராதனையில் தெரியாது.

11 பிப்ரவரி, இரவு

குழந்தை ஞானஸ்நானம் சரியா என்று கேட்டவர் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். இங்கே ஆரம்பித்தால் இப்போதுதான் சபைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவரும் ஓடிவிடுவார்.